வெறுங்கால் சுற்று

ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு மேல் அந்த வீட்டில் யாரும் யாரையும் எந்த வேலையும் ஏவக்கூடாது. பத்து வயது மகள் போட்ட சட்டம் அது. ஏழு மணிக்கு டிவியில் நடனப் போட்டி, நேரலை. ஆறே முக்காலுக்கே அவள் சோபாவின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவளுடைய அப்பா நகக்கண்ணில் ஏறிய கிரீஸைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து ஓரத்தில் இடம் பிடிப்பார். இரண்டு தெரு தள்ளியிருந்து அவருடைய அக்கா வந்து சேருவாள். அழகு நிலையம் நடத்துகிறவள். வாய் ஓயாதவள் என்பதால் தம்பி அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. அவளுக்கு அதில் துளியும் வருத்தமில்லை. கைப்பேசியில் அவள் போடும் அழகுக் குறிப்புகளைப் பார்க்கிற பத்தாயிரம் பேருக்கும் அவள் ரேடியோ அக்காதான்.

அம்மாவையும் சேர்த்து நால்வரும் ஒரே நிகழ்ச்சியைத்தான் பார்ப்பார்கள், ஆனால் ஒரே நிகழ்ச்சியைப் பார்ப்பதில்லை. ரேடியோவின் கண் முகப்பூச்சில் இருக்கும். "பாரு, மூஞ்சி ஒரு கலரு, கழுத்து ஒரு கலரு. தலையை வேற யார்கிட்டயோ வாங்கிட்டு வந்து மாட்டுன மாதிரி இருக்கு." மெக்கானிக்கின் கண் மேடைக்கு மேலே தொங்கும் கம்பிகளில் இருக்கும். "ஆள் தொங்குற கம்பியை ஒத்த போல்ட்டுல மாட்டியிருக்கான். இவனுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தது?" மகளுக்குப் போட்டியாளர்களில் மின்மினி ஒருத்தி ஆடினால் போதும். மற்றவர்கள் ஆடும்போது தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.

அம்மா மட்டும் கால்களைப் பார்ப்பாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பதினான்கு வருடமாக பிசியோதெரபிஸ்டாக இருக்கிறாள். படுக்கையிலிருந்து ஆட்களை எழுப்பி நிற்க வைத்து, கம்பியைப் பிடித்து நடக்க வைத்து, படியேற வைத்து வீட்டுக்கு அனுப்புவது அவள் வேலை. அந்த வேலை அவள் கண்ணில் ஏறிவிட்டது. கடைத்தெருவில் யாருடைய நடையையாவது பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவாள். கணவர்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

அந்த வாரம் வெறுங்கால் சுற்று. மேடை முழுக்கத் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். அதுவரை ஷூ போட்டு ஆடிய எல்லாரும் அன்று வெறுங்காலோடு ஆட வேண்டும். மின்மினி நான்காவதாக வந்தாள். பத்தொன்பது வயது, ஒல்லி உடம்பு. இருட்டு மேடையில் அங்கங்கே பளிச்சென்று தோன்றி மறைகிற மாதிரி ஆடுவதால் நிகழ்ச்சிக்காரர்கள் கொடுத்த பெயர் அது. தண்ணீர் தெறிக்கத் தெறிக்க அவள் ஆடி முடித்தபோது நடுவர்கள் மூவரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"நிறுத்து, நிறுத்து. கொஞ்சம் பின்னாடி போ," என்றாள் அம்மா.

நேரலையையும் பின்னுக்கு ஓட்டுகிற டிவி அது. மகள் ரிமோட்டை அழுத்தினாள். அடுப்படியிலிருந்து கையோடு வந்த கரண்டியால் அம்மா திரையைச் சுட்டினாள்.

"குதிச்சு எறங்கும்போது எந்தக் கால் முதல்ல தரையில படுது? வலது. மறுபடியும் பாரு, வலது. எட்டுத் தடவை குதிச்சா, எட்டுத் தடவையும் வலதுதான். இடது கால்ல நிக்க வேண்டிய எடத்துல முன்பாதத்தை ஊனி சமாளிக்கிறா. இடுப்பு ஒரு பக்கமா எறங்குது, தெரியுதா?"

"அட ஆமா!" என்றார் கணவர். அவர் ஆமா என்றதும் அவளுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. வீட்டில் அவள் வேலையைப் பற்றி யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. இன்று மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது முழங்கால். உள்ளுக்குள்ள தசைநார் கிழிஞ்சிருக்கு. வலி மாத்திரையைப் போட்டுக்கிட்டு ஊரை ஏமாத்திட்டு இருக்கா. இன்னும் ரெண்டே வாரம், மேடையிலேயே மடங்கி விழுவா, எழுதி வச்சுக்கங்க. இது டான்ஸ் இல்ல, நொண்டியை மறைக்கிற வித்தை!" என்று சொல்லி, கரண்டியைப் பிடித்தபடியே ஒரு பக்கமாகச் சாய்ந்து இரண்டு எட்டு நொண்டிக் காட்டினாள்.

எல்லாரும் சிரித்தார்கள். மகள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ரேடியோ அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததைக் கவனித்திருந்தால் அப்போதே சந்தேகம் வந்திருக்கும். அவள் கையில் கைப்பேசி நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு, முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்ட ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவரைக் கம்பிகளுக்கு நடுவில் நடக்க வைத்துக்கொண்டிருந்தாள். பாதியில் நின்றவர், "ஏம்மா, உங்களைத்தான் என் மருமக போன்ல காட்டினா. கரண்டியோட நின்னு பேசுறீங்களே, நீங்கதானே?" என்றார்.

பன்னிரண்டு மணிக்கு நான்கு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். 'மின்மினியின் நொண்டி ரகசியம், போட்டு உடைத்த டாக்டர்' என்று ரேடியோ தலைப்புக் கொடுத்திருந்தாள். அவளைப் போனில் பிடித்தாள்.

"அண்ணி, என்னைக் கேக்காம ஏன் போட்டீங்க? நான் டாக்டரும் இல்லயே!"

"உன்னைக் கேட்டா வேணாம்னுதான் சொல்லுவ. அதான் கேக்கல. உன் தெறமை ஊருக்குத் தெரியட்டுமேடி! எத்தனை பேரு பாராட்டியிருக்காங்க, படிச்சியா நீ?"

"முதல்ல அதை எடுங்க," என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

ஆனால் அதற்கு முன்னால் நடந்த ஒன்றை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் மெழுகு ஒத்தடம் கொடுக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கருத்துகளை எல்லாம் ஒன்று விடாமல் படித்தாள். 'என்ன கண்ணுய்யா இது!' 'நடுவர் நாற்காலியில இவங்களை உக்கார வைங்க.' படிக்கப் படிக்க உள்ளுக்குள் இனித்தது. அதன் பிறகுதான் ரேடியோவைக் கூப்பிட்டாள்.

ரேடியோ அந்த வீடியோவை எடுத்துவிட்டாள். எடுத்து என்ன, அதற்குள் அது நூறு கைகளுக்குப் போய்விட்டிருந்தது. யாரோ அவள் குரலை மட்டும் பிரித்தெடுத்துக் கீழே தாளம் போட்டிருந்தார்கள். அந்தத் தாளத்துக்கு ஊர்ப்பட்ட பிள்ளைகள் நொண்டி நொண்டி ஆடிப் படமெடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 'நொண்டியை மறைக்கிற வித்தை' என்று அவள் குரல் திரும்பத் திரும்ப வந்தது. அவளுக்கே அது வேறு யாரோ ஒரு கெட்ட மனுஷியின் குரலாகக் கேட்டது. மின்மினியின் ரசிகர்கள் அவளைப் பொறாமை பிடித்தவள் என்றார்கள். மற்றவர்கள் மின்மினியை மோசக்காரி என்றார்கள்.

சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்த மகள் பையைக் கழற்றாமலே நின்றாள்.

"எங்க கிளாஸ்ல எல்லாரும் உன்னை மாதிரியே நொண்டிக் காட்டுறாங்க. நீ ஏம்மா அப்படிச் சொன்ன?"

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னதுடி."

"மின்மினியும் பாத்திருப்பாங்க இல்ல?"

அவள் மகளின் தோளிலிருந்து பையைக் கழற்றினாள்.

புதன்கிழமை துறைத் தலைவி கூப்பிட்டனுப்பினார். அவர் எப்போதும் குரலை உயர்த்தாதவர். அதுவே பயமாக இருக்கும்.

"நீங்க அந்தப் பொண்ணைத் தொட்டுப் பாத்தீங்களா?"

"இல்ல மேடம்."

"ஸ்கேன், எக்ஸ்ரே ஏதாவது?"

"இல்ல."

"அப்போ தசைநார் கிழிஞ்சிருக்குன்னு எப்படிச் சொன்னீங்க?"

விளக்கக் கடிதம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தாள். வீட்டுக்குள் குடும்பத்தாரிடம் பேசிய பேச்சு என் அனுமதி இல்லாமல் வெளியே போய்விட்டது என்று எழுதினாள். எழுதியது எல்லாம் உண்மைதான். ஆனாலும் கையெழுத்துப் போடும்போது பொய் சொல்கிற மாதிரியே இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம், கூட்டம் குறைந்த நேரத்தில், முகக்கவசம் போட்ட ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் அறைக்குள் வந்தார்கள். அந்தப் பெண் கதவைச் சாத்திவிட்டுக் கவசத்தைக் கழற்றினாள். டிவியில் தெரிவதைவிடச் சின்ன முகம். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"நீங்கதானே கரண்டி அக்கா?" என்றாள் மின்மினி.

பிசியோதெரபிஸ்ட் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். எழுந்து நின்றாள்.

"சண்டை போட வரல. டிவி கம்பெனில முழங்கால் நல்லாருக்குன்னு சர்டிஃபிகேட் கேக்குறாங்க. வேற எங்கயும் வாங்கிட்டுப் போனா யாரும் நம்ப மாட்டாங்க. கெட்டுப் போச்சுன்னு சொன்னவங்களே பாத்துச் சொல்லட்டும்னு வந்தேன்."

அவளைக் கட்டிலில் படுக்க வைத்து முழங்கால்களை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தாள். பக்கவாட்டில் மடக்கிப் பார்த்தாள். இரண்டு முழங்கால்களும் கயிறு முறுக்கின மாதிரி உறுதியாக இருந்தன. ஒரு கீறல், ஒரு வீக்கம் இல்லை. பிறகு, "எந்திரிச்சு நில்லும்மா. செருப்பு வேணாம்," என்றாள்.

அந்தப் பெண் எழுந்து நின்றதும் விஷயம் விளங்கிவிட்டது. டேப்பை எடுத்து இடுப்பு எலும்பிலிருந்து கணுக்கால்வரை அளந்தாள். வலது கால் எண்பத்து நாலு சென்டிமீட்டர். இடது கால் எண்பத்து இரண்டு. நம்பாமல் இன்னொரு முறை அளந்தாள். கால் நீளத்தை அளந்து பார்ப்பது முதல் வருட மாணவிக்குச் சொல்லித் தரும் பாடம். பதினான்கு வருட அனுபவக்காரிக்கு அது தோன்றவே இல்லை.

"ஆறு வயசுல மாடிப்படியில விழுந்தா," என்றாள் அம்மாக்காரி. அதுவரை அவள் வாயைத் திறக்கவில்லை. "தொடை எலும்பு ரெண்டா ஒடைஞ்சுது. சேந்தப்போ இப்படிச் சேந்துடுச்சு."

"இவ்வளவு நாளா ஷூ போட்டு ஆடும்போது ஒண்ணுமே தெரியலயே?"

அம்மாக்காரி பையிலிருந்து மகளுடைய இடது ஷூவை எடுத்து நீட்டினாள். உள்ளே குதிகாலிலிருந்து விரல்வரை சரிவாக இறங்கும் ஒரு தக்கை அடுக்கு. மேலே மெல்லிய தோல். தையல் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "நான் ஷூ கம்பெனில மேல்தோல் தைக்கிறவ. வருஷா வருஷம் இவ கால் வளர வளர அளந்து அளந்து நானே வச்சுக் குடுப்பேன்."

பிசியோதெரபிஸ்ட் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் செய்து கொடுப்பது இதற்கு உறை போடக் காணாது.

"வெறுங்கால்னு சொன்னப்போ மூணு நாள் சோறு எறங்கலக்கா," என்றாள் மின்மினி. "ஆனா ஆடிட்டேன். நடுவருங்க யாருக்குமே தெரியல. நீங்க ஒருத்தர்தான் கண்டுபிடிச்சீங்க. அதுவும் பாதிதான் கண்டுபிடிச்சீங்க."

"என்னை மன்னிச்சிடும்மா. நான் இதை வெளிய சொல்லிடுறேன். நான் சொன்னது தப்புன்னு நானே வீடியோ போடுறேன்."

அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு நிமிடம் ஆசை வந்து போனது. பிறகு தலையை ஆட்டினாள். "வேணாம். முழங்கால் இல்லன்னா வேற என்னன்னு கேப்பாங்க. முழங்கால் நல்லாருக்குன்னு மட்டும் எழுதுங்க. மத்தது யாருக்கும் தெரிய வேணாம்."

"தெரிஞ்சா உன்னை எடுத்துடுவாங்கன்னு பயமா?"

"எடுக்க மாட்டாங்க. அதான் பயம்." கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "போன வருஷம் கண்ணு தெரியாத ஒரு அண்ணன் ஆடுனாரு. அவரு ஆட வந்தாலே பாட்டுக்கு முன்னாடி சோக மியூசிக் போட்டுருவாங்க. அவரு காலடி எவ்வளவு சுத்தம் தெரியுமாக்கா? ஒரு நடுவர்கூட அதைப் பத்திப் பேசல. எல்லாரும் கண்ணைத் தொடச்சாங்க, பத்துக்குப் பத்து போட்டாங்க. எனக்கு ஏழு போட்டா எதுக்கு ஏழுன்னு தெரியணும்."

பிசியோதெரபிஸ்ட் அவளை எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போய், இரு முழங்கால்களும் நலம் என்று எழுதி வாங்கிக் கொடுத்தாள். ஒரு வரிதான். போகும்போது மின்மினி அவளுடைய கைப்பேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அன்று இரவு பிசியோதெரபிஸ்ட் நாலைந்து நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை காலையில் மின்மினியிடமிருந்து அழைப்பு வந்தது.

"அவங்க டாக்டர் ஒருத்தரை வச்சிருந்தாங்கக்கா. உங்க பேப்பரைப் பாத்துட்டு, எதுக்கும் நானும் ஒரு தடவை பாத்துடுறேன்னு ஷூவைக் கழட்டச் சொன்னார். எக்ஸ்ரே எடுத்தாங்க."

"ஐயோ... கோவிச்சுக்கிட்டாங்களா?"

"இல்லக்கா. சந்தோஷப்பட்டாங்க." அந்தக் குரலில் அழுகை இல்லை. அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது. "டைரக்டர் எங்கம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மான்னு கேட்டார். இன்னைக்கு மத்தியானம் அம்மா வேலை பாக்குற எடத்துல படம் எடுக்குறாங்க. நாளைக்கே போடுறாங்களாம்."

"வேணாம்னு சொல்ல முடியாதா?"

"முதல் நாளே பதினாறு பக்கத்துல கையெழுத்து வாங்கிட்டாங்க. சரிக்கா, வைக்கிறேன். கூப்பிடுறாங்க."

ஞாயிற்றுக்கிழமை அவள் தலைவலி என்று சொல்லிப் படுத்துப் பார்த்தாள். மகள் விடவில்லை. "மின்மினிக்குக் கால் ஒண்ணும் ஆகலன்னு இன்னைக்குக் காட்டப் போறாங்களாம், வாம்மா!" என்று இழுத்துக்கொண்டு போனாள். சட்டப்படி ஏழு மணிக்கு எல்லாரும் ஆஜர்.

முதலில் அந்தப் படம் வந்தது. வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள். நடுவில் அம்மாக்காரி, தலையைக் குனிந்து தோலைத் தைத்துக்கொண்டிருந்தாள். அவளை அதே இடத்தில் நான்கைந்து முறையாவது உட்கார வைத்து எடுத்திருக்க வேண்டும். கையில் கொடுத்திருந்த தோல் மட்டும் மாறி மாறி வந்தது. பிறகு எக்ஸ்ரே. பிறகு ஒரு சின்னப் பெண் மாடிப்படியில் உருளுகிற மாதிரி நடித்துக் காட்டினார்கள். அடியில் ஒரு புல்லாங்குழல் இழுத்து இழுத்து அழுதது. கடைசியில், மேடைக்கு நடுவில் ஒரு கண்ணாடிப் பீடத்தின் மேல், விளக்கு வெளிச்சத்தில் அந்த இடது ஷூ.

ரேடியோ மூக்கை உறிஞ்சினாள். மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதற்குப் பிறகு மின்மினி ஆடினாள். வெறுங்காலோடு ஆட வைத்திருந்தார்கள். பிசியோதெரபிஸ்ட் கால்களையே பார்த்தாள். முதல் நிமிடம் பழைய மின்மினிதான். பிறகு ஏதோ விட்டுப்போனது. இரண்டாவது சரணத்தில் தாளத்துக்குப் பின்னால் போனாள். சுழன்று நிற்க வேண்டிய இடத்தில் அரைச்சுற்றோடு நின்றாள். காலில் தப்பில்லை, கவனம்தான் அங்கே இல்லை. பாட்டு முடிவதற்கு முன்பே முகம் முடிந்துபோயிருந்தது.

மூன்று நடுவர்களும் எழுந்தார்கள். ஒருவர் மேடைக்கே ஓடிப்போய் அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பத்து, பத்து, பத்து. அந்த வருடத்தின் முதல் முழு மதிப்பெண். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை யாரும் பேசவில்லை. மின்மினி கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். கேமரா அவள் கண்ணருகே போய் எவ்வளவு நேரம் காத்திருந்தும் அங்கே எதுவும் வரவில்லை.

மகள் சோபா மேல் ஏறிக் குதித்தாள். ரேடியோ அழுகையும் சிரிப்புமாகத் திரும்பினாள். "பாத்தியாடி? அன்னைக்கு நீ மட்டும் அதைச் சொல்லாம இருந்திருந்தா இந்தப் பொண்ணுக்கு இந்த வாழ்வு வந்திருக்குமா? எல்லாம் உன்னாலதான்!" அவள் கைப்பேசி மறுபடியும் நிமிர்ந்தது. "ரெண்டு வார்த்தை சொல்லு. ஊரே உன் வாயைத்தான் எதிர்பாக்குது."

"போனை உள்ள வைங்க அண்ணி."

"சும்மா சொல்லுடி, என்ன ரொம்பத்தான்..."

"அண்ணி, வைங்கன்னு சொல்றேன்ல!"

அவள் அப்படிக் குரலெடுத்துப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. கைப்பேசி கைப்பைக்குள் போன பிறகு, வீட்டாருக்கு மட்டும் கேட்கிற மாதிரி அவள் சொன்னாள்: "இன்னைக்கு அவ நல்லா ஆடல."

மகள் சோபாவிலிருந்து மெதுவாக இறங்கினாள். "உனக்கு மனசே கிடையாதாம்மா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கணவர் டிவியின் ஒலியைக் குறைத்தார். அவளுக்கு எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும் போல் இருந்தது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. பால்கனிக்குப் போய்க் கைப்பேசியைத் திறந்தாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். 'ரெண்டாவது சரணத்துல ரெண்டு எடத்துல தாளம் விட்டுப் போச்சு. கடைசிச் சுத்து பாதியில நின்னுடுச்சு. நான் போட்டா ஆறு.' அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றுக்கும் மேல் இதுவும் ஒரு கொடுமை என்று அந்தப் பெண் நினைத்துவிட்டால்?

முக்கால் மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. 'மூணு எடம்க்கா. முதல் சரணத்துலயே ஒண்ணு போச்சு, நீங்க பாக்கல. அஞ்சரைதான்.'

இரண்டு வாரம் கழித்து நடந்த இறுதிச் சுற்றில் தொகுப்பாளர் மின்மினியிடம் காலைப் பற்றியே மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை அவள், "ஆட்டத்தைப் பத்தி ஏதாவது கேளுங்க சார்," என்று சொல்லிவிட்டாள். தலைக்கனம் பிடித்துவிட்டது என்று அன்றே கைப்பேசிகளில் ஓட ஆரம்பித்தது. மூன்றாவது இடம்தான் கிடைத்தது. ரேடியோவுக்கு அதில் ஏமாற்றம். "வந்த சீதேவியைக் காலால எட்டி ஒதைச்சுட்டா," என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்தாள்.

மகள் அம்மாவோடு பேச ஆரம்பித்திருந்தாள். ஆனால் டிவி பார்க்கும்போது பக்கத்தில் உட்காருவதில்லை, அப்பாவுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறாள். துறைத் தலைவி அந்தக் கடிதத்தைக் கோப்பில் வைத்துவிட்டார், மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. நொண்டி என்று சொல்கிற அந்தக் குரல் இன்னும் எங்கேயோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. போன வாரம் ஆஸ்பத்திரி லிஃப்டில் யாரோ ஒருவருடைய கைப்பேசியில் அது கேட்டது. அவள் அடுத்த மாடியிலேயே இறங்கிப் படியேறினாள்.

இறுதிச் சுற்று முடிந்த அன்று, விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்மினியிடமிருந்து அவளுக்கு ஒரு செய்தி வந்தது. 'எப்படிக்கா?' என்று ஒரே சொல். அவள் மகளிடம் ரிமோட்டைக் கேட்டு வாங்கி, ஆட்டத்தை முதலிலிருந்து போட்டு, ஒரு நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.